மாடியில தாளிச்சா வரலாறு தும்முமா?

நடுவர் ஐயா அவர்களே, ரெண்டு அணிப் பேச்சாளர்களே, இவ்வளவு நேரமும் நாற்காலியை விட்டு எழாத பெருமக்களே, வணக்கம். வணக்கத்தை இத்தோட நிறுத்திக்கிறேன். மணி அடிக்கிற தம்பியோட கை இப்பவே மணி மேலதான் இருக்கு.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல, லோயர் நைன்த் வார்டு பகுதியில, மெக்டொனா 19னு ஒரு அரசுப் பள்ளிக்கூடம். 1929ல வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு மட்டும்னு கட்டினது. இன்னைக்கு அது டேட் – எட்டியன் – பிரெவோஸ்ட் மையம். கீழ கறுப்பின மக்களோட சம உரிமைப் போராட்டக் காட்சிக்கூடமும், இனப்பாகுபாட்டுக்கு எதிரா பயிற்சி கொடுக்கிற ஒரு அமைப்போட அலுவலகமும் இருக்கு. மேல ரெண்டு மாடியிலயும் 55 வயசு தாண்டினவங்களுக்குக் குறைஞ்ச வாடகையில 25 வீடு. இப்படிப்பட்ட கட்டடம் முழுசா நினைவகமா நிக்கிறது பெருமையா, குடியும் குடித்தனமுமா நிக்கிறது பெருமையான்னு கேட்டிருக்காங்க. நான் குடித்தனக் கட்சி.

எதிரணி அண்ணன் பத்து நிமிஷம் பேசினார். அதுல ஒரே ஒரு வரிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "மாடியில பாட்டி குழம்பு தாளிச்சா, கீழ வரலாறு தும்மும்"னார். சபை சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எங்க அணித் தலைவர் எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சார், அதை நான் தனியா விசாரிச்சுக்கிறேன். அண்ணே, அந்தத் தும்மலுக்கு வர்றேன். அதுக்கு முன்னால எந்த வரலாறு தும்மப்போகுதுன்னு சபைக்குத் தெரியணும் இல்லையா?

1960 நவம்பர் 14, திங்கட்கிழமை. லியோனா டேட், கெய்ல் எட்டியன், டெஸ்ஸி பிரெவோஸ்ட். மூணு பேரும் ஆறு வயசுக் கறுப்பினக் குழந்தைங்க. எட்டு வருஷமா நடந்த வழக்குல நீதிபதி ஸ்கெல்லி ரைட், வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துல கறுப்பினப் பிள்ளைங்களையும் சேர்த்தே ஆகணும்னு உத்தரவு போட்டார். சரி, சேர்க்கிறோம்னாங்க. எப்படி? பரீட்சை வெச்சு! எதுக்குப் பரீட்சை? ஒண்ணாம் வகுப்புக்கு! 'அ' எழுதக் கத்துக்கப் போற குழந்தைக்கு நுழைவுத் தேர்வு. நூறு பேருக்கு மேல விண்ணப்பம் போட்டு, கடைசியில அன்னைக்குப் பள்ளிக்கூட வாசலை மிதிச்சது நாலே பேர். அதுல ரூபி பிரிட்ஜஸ் வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்கூடத்துக்குத் தனியாப் போனாங்க. அந்தக் குழந்தை நடந்து போறதை ஒரு பெரிய ஓவியர் வரைஞ்சார், உலகத்துக்கே தெரிஞ்சுது. இந்த மூணு பேரை யாரும் வரையலை. வரையாட்டி வரலாறு இல்லைன்னு ஆயிடுமா?

கார் செயின்ட் குளோட் அவென்யூவுல திரும்புது. உள்ள காவலுக்கு மார்ஷல்கள்னு மத்திய அரசு அதிகாரிங்க, நடுவுல குழந்தை. வெளியில ஊரே திரண்டு நிக்குது. குதிரை மேல போலீஸ். இதைப் பார்த்த லியோனா என்ன நினைச்சாங்க தெரியுமா? அந்த ஊர்த் திருவிழாவான மார்டி கிரா ஊர்வலம் வருதுன்னு! அந்தத் தெருவுல கூட்டமும் குதிரைப் போலீசும் சேர்ந்து அவங்க பார்த்ததே அதுக்குத்தான். சாமி புறப்பாடு வர்ற வீதியில அப்பா தோள் மேல உக்காந்திருக்கிற குழந்தைக்கு எப்படி இருக்கும், அப்படி.

கொஞ்சம் நிதானமா பாருங்க. அந்த ஊர் ஊர்வலத்துல தேர் மாதிரி அலங்கார வண்டி வரும். மேல நிக்கிறவங்க பாசிமணி மாலையை அள்ளி அள்ளி வீசுவாங்க. குழந்தைங்க கையை நீட்டிப் பிடிக்கும். அப்ப அந்தக் கூட்டத்தைப் பார்த்த குழந்தை மனசுல என்ன ஓடியிருக்கும்? இப்ப மாலை வரும், இப்ப வரும். வந்தது மாலை இல்லை, வசவு. அதுலயும் வேடிக்கை என்னன்னா, வசவு யாருக்குன்னு அந்தக் குழந்தைக்குத் தெரியலை. ஊர்வலம் எங்கன்னு தேடுது. ஐயா, ஊர்வலமே அந்தக் குழந்தைதான்! இவ்வளவு பெரிய கூட்டம், இவ்வளவு போலீஸ், இத்தனை குதிரை, எல்லாம் ஆறு வயசு மூணு பேரைப் பார்க்க வந்திருக்கு. உலகத்துல எந்த ராஜாவுக்குங்க ஆறு வயசுல இப்படி ஒரு வரவேற்பு?

உள்ள போனாங்க. வராந்தாவுல ஒரு பெஞ்சுல ரொம்ப நேரம் உக்கார வெச்சாங்க. அப்புறம் மயர்ஸ்னு ஒரு ஆசிரியையோட வகுப்பு. இவங்க உள்ள போகப் போக, வெள்ளைக்காரப் பெத்தவங்க வந்து வந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மூணு மாடிப் பள்ளிக்கூடம் காலி. மிச்சம் இந்த மூணு பேர். அந்தக் கல்வியாண்டு பூராவும் கிட்டத்தட்ட அப்படியே ஓடிச்சு. நடுவுல ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் துணிஞ்சு பிள்ளைங்களை அனுப்பினாங்க. கொஞ்ச நாள்ல அந்தக் குடும்பத்தை ஊரை விட்டே கிளப்பிட்டாங்க.

சன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டிட்டாங்க, வெளியில இருந்து யாரும் பார்க்கக் கூடாதுன்னு. மைதானத்துல விளையாடக் கூடாது. விளையாட்டு மாடிப்படிக்கு அடியில. சாப்பாடு வீட்டுல இருந்துதான் வரணும், யாராவது விஷம் வெச்சிருவாங்கன்னு பயம். குடிநீர்க் குழாயை மூடிட்டாங்க. இந்தக் குழாயை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வேணும்.

இப்ப தும்மலுக்கு வர்றேன்.

அண்ணே, நீங்க சொன்ன அந்தத் தாளிப்பு வாசனை கீழ இறங்காது. கீழ பொதுமக்கள் கூடுற இடம், மேல ஜனங்க தூங்குற இடம்னு ஒரே கட்டடத்துல வந்தா, நடுத்தளத்தைத் தீத்தடுப்பா கட்டணும். மேல தண்ணி தெளிப்பான் இருந்தா ஒரு மணி நேரம், இல்லைன்னா ரெண்டு மணி நேரம் தீ தாங்கணும். தளத்துல குழாய்க்கும் ஒயருக்கும் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் தீத்தடுப்புப் பூச்சு வெச்சு அடைக்கணும். நெருப்பும் புகையும் இறங்க முடியாத இடத்துல உங்க கடுகும் கறிவேப்பிலையும் எப்படிண்ணே இறங்கும்? சமையலறைப் புகைக்குழாயைக் கூட முகப்புச் சுவர்ல ஓட்டை போட்டு வெளியே விட முடியாது. பழமை கெட்டுப்போச்சுன்னு திட்டத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நேரா மேல கூரைக்குத்தான் போகணும். தும்மல் வந்தா காக்காய்க்கு வரும், வரலாறுக்கு வராது.

அடுத்து, "பள்ளிக்கூடத்தை வீடாக்கினா பள்ளிக்கூடம் எங்க இருக்கும்"னார். பழைய பள்ளிக்கூடம் மாதிரி வீடாக மடங்குற கட்டடம் வேற இல்லைங்க. அந்தக் காலத்து வகுப்பறை சுமாரா 24 அடிக்கு 30 அடி. ஒரு படுக்கையறை வீட்டுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. சுவரை இடிக்கவே வேண்டாம். உயரமான கூரை, பெரிய சன்னல். சங்கடம் தண்ணிதான். பள்ளிக்கூடத்துல கழிவறை வராந்தாக் கோடியில மட்டும் இருக்கும், வீடுன்னா வீட்டுக்கு வீடு வேணும். அதனால சமையலறை, குளியலறை ரெண்டையும் வராந்தாச் சுவரை ஒட்டி, மாடிக்கு மாடி ஒண்ணு மேல ஒண்ணா வரிசை வைப்பாங்க. குழாய் ஒரே நேர்ல இறங்கும், சன்னல் பக்கம் முழுசா கூடத்துக்கு மிஞ்சும். தாழ்வான பொய்க்கூரை போட்டு சன்னல் தலையை மறைச்சா விண்ணப்பம் போச்சு. வராந்தாவைக் குறுக்கி ரெண்டு அடி திருடினாலும் போச்சு. மர சன்னலைக் கழட்டிட்டு மலிவா அலுமினியம் மாட்டினா அதோட கதையே முடிஞ்சுது. அனுமதி வர்றதுக்கு முன்னாலயே ஆர்வக்கோளாறுல வேலையை ஆரம்பிச்சுட்டு, அப்புறம் தலையில கை வெச்சவங்க நிறைய.

அது எந்த விண்ணப்பம்னு கேப்பீங்க. இங்கதான் எதிரணி தொடவே தொடாத விஷயம் இருக்கு. அது பணம். இந்தக் கட்டடத்தை 2004ல மூடினாங்க. மறு வருஷமே கத்ரீனா புயல். கால்வாய்க் கரைச்சுவர் உடைஞ்சு லோயர் நைன்த் வார்டே மூழ்கிச்சு. அப்புறம் பதினஞ்சு வருஷம் சும்மா கிடந்தது. வெள்ளத்துல ஊறின செங்கல் உப்பை உறிஞ்சி வெச்சுக்கும். காயறதுக்கு முன்னால பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், பூச்சு பொரிஞ்சு விழும். பழைய செங்கலுக்கு நடுவுல இருந்தது சுண்ணாம்புச் சாந்து. அது பெயர்ந்த இடத்துல சிமென்டை அடைச்சா, சாந்து கல்லை விட கெட்டியாகி, செங்கல் முகமே பெயர்ந்து வரும். இடுக்கு எவ்வளவு அகலமோ அதுல ரெண்டு, ரெண்டரை பங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துட்டு, மறுபடி சுண்ணாம்பு கலந்த சாந்துதான் வைக்கணும். மரத்துல ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழ வராம சுவரை மூடினா பூஞ்சை திரும்ப வரும். இதுக்கெல்லாம் உண்டியல் குலுக்கி முடியுமா?

அமெரிக்காவுல, வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டுல ஏறின பழைய கட்டடத்தை விதிப்படி புதுப்பிச்சா, தகுதியான செலவுல 20 சதவீதம் வரிச்சலுகை. நான் சொன்ன விண்ணப்பம் இதுக்குத்தான். ஒரு கோடி டாலர் செலவுன்னா இருபது லட்சம். அஞ்சு வருஷத்துக்கு வருஷம் நாலு லட்சமா வரும். மெக்டொனா 19 பதிவேட்டுல ஏறினது 2016ல. ஆனா சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கு. கட்டடம் வருமானம் தரணும், அதாவது வாடகை வரணும். வரியே கட்டாத அறக்கட்டளை, தன் கட்டடத்துல தானே படம் மாட்டி வெச்சுக்கிட்டு உக்காந்தா அந்தச் சலுகை நேரா கைக்கு வராது. அறக்கட்டளைக்கு வரி இல்லையே, எதுல கழிப்பாங்க? அதனால ஒரு முதலீட்டாளர் சலுகையை எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கட்டடத்துல போடுவார். அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டடத்தை வித்தா கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்குவாங்க. குறைஞ்ச வாடகை வீட்டுக்குன்னு வேற தனிச் சலுகையும் உண்டு. அண்ணே, மாடியில பாட்டி தாளிக்கிறதாலதான் கீழ உங்க வரலாறு ஒழுகாம நிக்க வழி கிடைக்குது!

ஒழுகல்னதும் இன்னொண்ணு. பூட்டிப்போற நினைவகத்துல கூரை ஒழுகினா எப்பத் தெரியும்? அடுத்த வருஷ ஆய்வுல தெரியும். அதுக்குள்ள ஒரு தளமே அழுகிடும். மாடியில குடியிருக்கிற பாட்டி தலையில ராத்திரி பத்து மணிக்கு ஒரு சொட்டு விழட்டும், பத்து அஞ்சுக்கு நிர்வாகிக்கு போன் போயிடும். அந்தப் பாட்டியை விட நல்ல காவலை எந்த அருங்காட்சியகத்துல வெச்சிருக்காங்க, சொல்லுங்க!

மணி அடிச்சாச்சு. ஐயா, ஒரு நிமிஷம்.

அந்த மூணு பேர் கதை முதல் வருஷத்தோட முடியலை. 1962ல மூணாம் வகுப்புக்கு வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. அங்க மார்ஷல் கிடையாது. அடியும் வாங்கினாங்க, எச்சில் துப்பலும் வாங்கினாங்க. இவங்க விட்டுட்டுப் போன மெக்டொனா 19ஐ அதே வருஷம் கறுப்பினப் பிள்ளைங்க பள்ளியாவே மாத்திட்டாங்க. அப்புறம் புயல் வந்து அந்தத் தெருவையே காலி பண்ணிச்சு. வெளியேறினவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பவே இல்லை. அந்தத் தெருவுல, அந்தப் பாழடைஞ்ச கட்டடத்தை விட மாட்டேன்னு நின்னது யாரு? ஊர்வலம் வருதுன்னு நினைச்ச அதே லியோனா டேட்! ஒரு அறக்கட்டளை தொடங்கி, கட்டட நிறுவனம் ஒண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கிட்டு, 2020ல கட்டடத்தை வாங்கி, 2022ல திறந்தாங்க. பள்ளிக்கூடத்துப் பேருல இருந்த மெக்டொனா யாரு தெரியுமில்ல? அடிமைகளை வெச்சிருந்த பணக்காரர். 1954ல கறுப்பினப் பிள்ளைங்க அவர் சிலைக்குப் பூ வைக்க மாட்டோம்னு புறக்கணிச்சாங்க, எல்லா வெள்ளைப் பள்ளிக்கூடமும் வெச்சு முடிக்கிற வரைக்கும் வெயில்ல காத்துக்கிட்டு நிக்கச் சொன்னதால. அந்தாளு பேரு போய், இந்த மூணு பொண்ணுங்க பேரு வாசல்ல இருக்கு.

குழாயை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே. மூணு குழந்தைங்களுக்கு ஒரு வாய் தண்ணி தரக் கூடாதுன்னு குழாயை மூடின கட்டடத்துல இன்னைக்கு 25 சமையலறை இருக்குங்க. 25 வீட்டுலயும் திறந்தா தண்ணி கொட்டுது. இதை விடப் பெரிய காட்சிப் பொருள் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு? டெஸ்ஸி பிரெவோஸ்ட் 2024 சூலையில காலமாயிட்டாங்க. தன் பேரை வாசல்ல பார்த்துட்டுப் போனாங்க, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னால ஒரு சின்னக் கணக்கு. 1960ல ஆறு வயசு. மையம் திறந்தப்ப அறுபத்தேழை ஒட்டி. மாடி வீட்டுக்கு வயசு வரம்பு 55. அப்படின்னா அந்த மூணு பேருமே அங்க வீடு கேட்டு விண்ணப்பம் போட வயசு ஆனவங்க. அன்னைக்கு அதே வாசலைத் தாண்ட அவங்களுக்கு ஒரு நீதிபதி உத்தரவு, ஒரு பரீட்சை, துப்பாக்கி வெச்ச மார்ஷல், இவ்வளவும் வேண்டியிருந்தது. இப்ப வயசுச் சான்றும் வருமானச் சான்றும் கொண்டு போனா போதும்.

நன்றி, வணக்கம்.