நேற்று ஏன் வரலை, தம்பி?

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேமிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள், அதை இளைஞர்களுக்குச் சொல்லுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். முழுசாக வெளியே வந்துவிட்டேனா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். இப்போதும் என் போனில் ஒரு கேம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகளோடு உட்கார்ந்து ஆடுகிறேன், அவளிடம் தோற்கவும் செய்கிறேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு நிலைமை வேறு. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு வயது 39. ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கேமில் மூழ்கிப்போனவன் என்றதும் பத்தாம் வகுப்புப் பையனைத்தானே நினைப்பீர்கள்? எங்கள் நான்கு பேர் டீமில் நான்தான் இளையவன். ஒருவர் நெல்லிக்குப்பம், ஒருவர் காரைக்கால், இன்னொருவர் துபாயில் லாரி ஓட்டுகிறார். நூறு பேர் ஒரு தீவில் குதித்துச் சுட்டுக்கொண்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்கிற விளையாட்டு. ஓர் ஆட்டம் அரை மணி நேரம் போகும். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால், "இது ஒன்றோடு சரி" என்று ஆரம்பிக்கும். என் வீடு புதுச்சேரி வைத்திக்குப்பத்தில். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கடலுக்குப் போகிற படகுகளின் இன்ஜின் சத்தம் கேட்கும். அவர்கள் தொழிலுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் நான் போனைக் கீழே வைப்பேன். வலது கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு விழுந்திருந்தது. வானொலியில் அதைக் காட்ட முடியாது, நம்பிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கடையில் 4,800 ரூபாய் பில்லை 48,000 என்று ஏற்றிவிட்டேன். முதலாளி திட்டவில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சரி, விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கேமை அழித்தேன், மூன்றாம் நாள் திரும்பவும் இறக்கினேன். 6,500 ரூபாய் கொடுத்து கிட்டார் வாங்கினேன். நான்கு நாள் டொய்ங் டொய்ங் என்று தட்டியதோடு சரி, இப்போது அதன் மேல் என் மனைவி துணி காயப்போடுகிறாள். அப்புறம் காலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டம். இரண்டு மணிக்குப் படுக்கிறவன் ஐந்து மணிக்கு ஓடுவதாவது! இருபத்தோரு நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, காலண்டரில் கட்டம் போட்டு ஓடினேன். ஒன்பதாம் நாள் மழை. ஒருநாள் விட்டுப்போனதும் "எல்லாம் போச்சு" என்று ஷூவைப் பரணில் போட்டேன்.

அந்த இருபத்தோரு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தது இருபத்தோரு நாள் ஆகிறது என்றார் அவர். அதில் "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், மூக்குக்குச் சொன்னது ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்து நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர, சராசரியாக 66 நாள். ஒருவருக்கு 18 நாளில் வந்திருக்கிறது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும்போல் இருந்திருக்கிறது. நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லையாம். இதைப் படித்தபோது பரணில் கிடந்த ஷூவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நான் பெத்தாங்க் ஆடப் போனது தற்செயல். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கடலூர், விழுப்புரம் பக்கத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்புக் குண்டு எறிகிற பிரெஞ்சு விளையாட்டு. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறினாலும் இந்தக் குண்டுகள் இங்கேயே தங்கிவிட்டன. பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா ஐயா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவருக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சாயங்காலம் திடலுக்குப் போனேன். ஓர் ஆள் குறைந்தது. "தம்பி, நில்லு" என்று கையில் ஒரு குண்டை வைத்தார்.

முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் அந்தக் குண்டு. வெயிலில் கிடந்த சூடு இன்னும் அதில் இருந்தது. தரையில் ஒரு முழத்துக்கு வட்டம் கீறி, அதற்குள் இரண்டு பாதத்தையும் சேர்த்து ஊன்றி நிற்க வேண்டும். ஆறிலிருந்து பத்து மீட்டர் தள்ளி எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக ஒரு மர உருண்டை கிடக்கும். பிரெஞ்சில் அதற்குப் பன்றிக்குட்டி என்று பேர். யாருடைய குண்டு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பதின்மூன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. கேட்க இவ்வளவுதான். உள்ளங்கையை மேலே காட்டி எறிந்தால் குண்டு உருண்டு ஓடிவிடும். கை கவிழ்ந்திருந்து, விடும்போது மணிக்கட்டை லேசாக உள்ளே இழுத்தால், விழுந்த இடத்திலேயே பின்சுழல் பிடித்து நிற்கும். நான் எறிந்த முதல் குண்டு வாய்க்கால் பக்கம் போனது. இரண்டாவதும் அங்கேயேதான். மூன்றாவது எப்படியோ மர உருண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. எதிர் அணிக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து நூலால் அளந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அந்த மௌனத்துக்காகவே மறுநாள் போனேன்.

இந்த ஆட்டம் பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். 1910 வாக்கில் தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில், மூட்டுவலியால் ஓடிவந்து எறிய முடியாத ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றினார்களாம். ஊன்றிய பாதம் என்பதுதான் பெயருக்கே பொருள். முடியாதவனுக்காகச் சின்னதாக்கிய ஆட்டம் என்பதால்தான் என் போன்ற சோம்பேறிக்கும் ஒத்துவந்தது என்று நினைக்கிறேன். காலை ஐந்து மணி ஓட்டம் அப்படி இல்லையே.

நாலாம் நாள் நான் போகவில்லை. போனில் ஏதோ விசேஷப் பரிசு கொடுக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் சொல்தா ஐயா கேட்டார்: "நேற்று ஏன் வரலை, தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். கிட்டார் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்லை. காலண்டரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், கேம் மட்டும்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் வரிசை அறுந்துவிடும் என்று எச்சரிக்கை. போதாததற்கு நெல்லிக்குப்பத்துக்காரர், "நீங்க இல்லாம மூணு பேரா ஆடித் தோத்தோம்" என்று குரல் அனுப்புவார். துப்பாக்கிக்காகவா இத்தனை நாள் கண் விழித்தேன்? என்னை எதிர்பார்த்து மூன்று பேர் இருந்தார்கள், அதற்காக விழித்தேன். அந்த இடத்தில் ஒரு கிட்டாரைக் கொண்டுபோய் வைத்தால் எப்படி நிற்கும்?

ஆகவே புதுப் பொழுதுபோக்கு தேடுகிறவர்களுக்கு என் யோசனை கொஞ்சம் வேறு மாதிரி. எது நல்ல பழக்கம் என்று பட்டியல் எடுக்காதீர்கள். கேமில் எது உங்களைப் பிடித்து வைத்தது என்று பாருங்கள். எங்கள் கடையில் ஒரு பையன், அரிய பொருள்களைச் சேர்க்கிற கேம்களாக ஆடுவான். அவனை யாரோ ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போனார்கள். புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலுமாக விரிந்து கிடக்கிற ஏரி, புதுச்சேரிப் பக்கத்தை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். போனவன் முக்குளிப்பானில் விழுந்துவிட்டான். கையளவுப் பறவை, சட்டென்று முங்கும், எங்கே எழும் என்று சொல்ல முடியாது. இப்போது நோட்டில் பெயர் எழுதிச் சேர்க்கிறான், மார்கழியில் விடியற்காலையே பைக்கை எடுக்கிறான். சேர்க்கிற ஆசை அப்படியே இருக்கிறது, சேர்க்கும் பொருள்தான் மாறியிருக்கிறது. கட்டுகிற கேம் பிடித்தவர்களுக்கு வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை பிடித்தவர்களுக்கு ரொமேன் ரோலன் நூலகம், 1827லிருந்து திறந்திருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரையில் வாலிபால் ஆட ஆள் கிடைக்காமலா போகும்?

இன்னொரு சின்ன விஷயம். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து, சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். என் மனைவி சொன்ன யோசனை. நின்றுகொண்டே, பெருங்காய வாசனையில், எத்தனை ஆட்டம் ஆட முடியும்? இரண்டாவதிலேயே கால் வலிக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாடுகிற பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்ற ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு கைநழுவி, படிப்பு, வேலை, சாப்பாடு எல்லாம் பின்னால் போய், கெடுதல் தெரிந்தும் விட முடியாமல், பெரும்பாலும் ஒரு வருஷமாவது அப்படியே தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். அந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பட்டால், போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

எனக்கு நேரமாகிறது. நேற்று ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. சொல்தா ஐயா டார்ச் அடித்து, ஒவ்வொரு குண்டும் கிடந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தார். ராத்திரி மழை பெய்யவில்லை, வட்டம் அழிந்திருக்காது. முதல் எறி என்னுடையது.

வணக்கம்.