வலை அடித்த பிறகும் நாய் எப்படி நுழைகிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் 12 கோழி வளர்க்கிறேன். சுற்றிலும் 5 அடி உயரத்துக்குக் கோழிவலை அடித்திருக்கிறேன். ஆனாலும் ஒரே ராத்திரியில் 5 கோழியை நாய் கடித்துப் போட்டுவிட்டது, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. வலையை இன்னும் உயர்த்தினால் சரியாகுமா?"

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. காலையில் கதவைத் திறக்கப் போய் அப்படி ஒரு காட்சியைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும்.

முதலில் இன்று ராத்திரி என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வேட்டை கிடைத்த இடத்துக்கு அந்த விலங்கு திரும்ப வரும். அடுத்த நாளே வரலாம். அதனால் மீதி 7 கோழியையும் கொட்டகையைச் சரிசெய்யும் வரை மூடிய அறையிலோ, காற்றோட்டமுள்ள கெட்டியான கூண்டிலோ அடையுங்கள். செத்த கோழிகளை அங்கேயே விடாமல் தள்ளிக் கொண்டுபோய் ஆழமாகப் புதையுங்கள். கோபத்தில் விஷம் வைத்துவிடாதீர்கள். அதை யார் தின்பார்கள் என்று நம் கையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை தின்னலாம், உங்கள் கோழியே கொத்தலாம்.

சரி, வந்தது நாய்தானா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாய் மாதிரிதான் இருக்கிறது. கோழி படபடவென்று சிறகடித்து ஓடினால் நாய்க்குத் துரத்திப் பிடிக்கிற வேகம் வந்துவிடும். பசிக்காக அது கடிப்பதில்லை. ஒன்று அசையாமல் அடங்கியதும் ஓடுகிற அடுத்ததைப் பிடிக்கும். அதனால்தான் ஒன்றையும் தின்னாமல் அங்கங்கே போட்டுவிட்டுப் போகிறது. ஆனாலும் காயத்தைப் பாருங்கள். முதுகு, தொடை, பின்பக்கம் எல்லாம் கிழிந்திருந்தால் நாய். கழுத்திலோ தலையிலோ மட்டும் சின்னப் பல்தடம் இருந்தால் கீரி, மரநாய் மாதிரி சின்ன வேட்டை விலங்கு. கோழிகள் தப்ப வழியில்லாமல் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டால் அதுவும் ஒரே நேரத்தில் பல கோழியைக் கொல்லும். பகலில் ஒரே இடத்தில் இறகு குவிந்து கிடந்தால் மேலே பாருங்கள், பருந்தாக இருக்கலாம். ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமானால் பாம்பாக இருக்கலாம்.

இப்போது வலைக்கு வருகிறேன். உயரத்தை விடுங்கள். கொட்டகையை ஒரு சுற்று, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்து வாருங்கள். மண் பறித்த பள்ளமோ, வலையின் அடி நெளிந்த இடமோ பெரும்பாலும் கண்ணில் படும். நாய் எகிறிக் குதிக்கவும் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கீழே வழி இருக்கும்போது அது ஏன் மேலே போகப் போகிறது?

நீங்கள் போட்டிருப்பது அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலை. கோழியை உள்ளே நிறுத்தி வைக்க அது போதும். நாயை வெளியே நிறுத்தப் போதாது. பல்லால் இழுத்தே கிழித்துவிடும். அடியிலிருந்து 3 அடி உயரம் வரைக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை) போடுங்கள். தலை நுழைகிற சந்தில் கீரியின் உடம்பும் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் என்றால் கீரியும் பெரிய எலியும் வராது, பெரிய பாம்பும் வராது. அதைச் சின்ன ஆணியால் அடிக்காமல் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு இறுக்குங்கள்.

அதைவிட முக்கியமானது இது. அதே மெஷில் 2 அடி அகலத் துண்டை எடுத்து, கொட்டகையின் வலைச் சுவர் அடியோடு சேர்த்துக் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள். மேலே கல்லோ மண்ணோ போட்டால் போதும், கொஞ்ச நாளில் புல் மூடிவிடும். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். அங்கே காலுக்குக் கீழே கம்பி தட்டுப்படும். 2 அடி பின்னால் தள்ளிப்போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. சுற்றிலும் பள்ளம் வெட்டிப் புதைப்பதைவிட இது பாதி வேலைதான்.

அப்புறம் கதவு. என் கொட்டகையில் நான் அதிகம் இழந்தது கதவால்தான். கோழிக்கு இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. கட்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் என்ன வந்தாலும் தப்பி ஓடாது. ஒருநாள் வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தேன், அதற்குள் 3 கோழி போய்விட்டது. அன்றிலிருந்து அடைகிற நேரத்தில் நானே எண்ணிப் பார்த்துத்தான் மூடுகிறேன். வெறும் கொக்கியை நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். தாழ்ப்பாள் போட்டு, அது நழுவாமல் இருக்க ஒரு கம்பிப் பின்னும் மாட்டுங்கள். மிச்சத் தீவனத்தை ராத்திரி உள்ளே வைக்காதீர்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். காற்று போக மேலே இடைவெளி வேண்டும், அதற்கும் அதே மெஷ்தான்.

இன்னொன்று, நாய் உள்ளே இருக்கும்போது வெறுங்கையோடு பாய்ந்து பிடிக்காதீர்கள். தவறிக் கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கோழி போனால் வேறு வளர்க்கலாம்.

தப்பிய கோழிகளின் இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். நாய்ப்பல் பட்ட ஓட்டை வெளியே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். உப்புத் தண்ணீரில் கழுவி, போவிடோன் அயோடின் (காயத்துக்கான கிருமிநாசினி) தடவி, அந்தக் கோழியைத் தனியாக வையுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவை கொத்தும். ஆழமான காயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற கோழிகளும் பயத்தில் சில நாள் முட்டை வைக்காமல் இருக்கலாம். தீவனத்தை மாற்றாமல், சத்தம் இல்லாமல் விட்டால் தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.