திருச்சியில் இறங்கி ஊர் போய்ச் சேர

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் தொண்டூழியம் செய்யப் போகும்போது, ஊருக்குக் கிளம்பும் தம்பிகளோடு பயணக் கணக்கைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். விமானச் சீட்டில் இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறையுமா என்று பல நாள் விலை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திருச்சியில் இறங்கியதும் அதைப் போலப் பல மடங்கு ஒரு வேனுக்குப் போய்விடும். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேன் வந்து அழைத்துப் போவதென்றால் போக வர 200 கிலோமீட்டருக்குக் குறையாது. வண்டி வாடகை, டிரைவர் படி, வழியில் அத்தனை பேருக்கும் சாப்பாடு எல்லாமே வந்து இறங்குகிறவர் கணக்கில்தான் விழும். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களும் பெரும்பாலும் இதையேதான் செய்கிறார்கள்.

வரவேற்க வருகிறவர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. இரண்டு வருடம் பார்க்காத பிள்ளையைப் பார்க்க அம்மா கிளம்பத்தான் செய்வார். ஆனால் அவர் தஞ்சாவூர் ரயிலடியிலோ புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலோ வந்து நின்றாலும் அதே பிள்ளைதான் இறங்கி வரப்போகிறான். மிச்சமாகும் பணத்தில் வீட்டுக்கு எவ்வளவோ செய்யலாம்.

சரி, வேன் இல்லாமல் எப்படிப் போவது? உங்கள் ஊர் திருச்சிக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். விமான நிலையம் அமைந்திருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். கீரனூர், புதுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போகிறவர்கள் திருச்சி நகருக்குள் போகவே வேண்டாம். அந்தப் பக்கம் போகும் பஸ் விமான நிலைய நிறுத்தத்தைத் தாண்டித்தான் போகும். இது தெரியாமல் டாக்ஸி பிடித்து பஸ் நிலையத்துக்குப் போய், அங்கே பஸ் ஏறி, மறுபடியும் அதே விமான நிலையத்தைக் கடந்து போகிறவர்கள் உண்டு. ஒன்று மட்டும் கவனம். 2024ல் திறந்த புதிய முனையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முப்பது கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டாம், நிறுத்தம் வரை ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். இடைநில்லா வண்டிகள் அங்கே நிற்காமல் போகலாம், அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டணத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு பஸ்களில் 2018ல் வைத்த கட்டணம் சாதாரண வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸுக்கு 75 காசு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸில் போனாலும் நாற்பது ரூபாயை ஒட்டித்தான் வரும். நம் பணத்தில் ஒரு வெள்ளிகூட இல்லை. பெட்டிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், இடம் பிடிக்கிறதல்லவா!

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் போகிறவர்களுக்கு நான் எப்போதும் ரயிலைத்தான் சொல்வேன். விமான நிலையத்திலிருந்து திருச்சி ஜங்ஷன் ஐந்தாறு கிலோமீட்டர்தான். முன்பதிவு இல்லாத டிக்கெட்டைக் கவுண்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் பஸ்ஸைவிடக் குறைவாகவே இருக்கும். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், வயதானவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறது, காவிரிப் பக்கத்து வயலையும் பார்த்துக்கொண்டே போகலாம். தஞ்சாவூரில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்குப் போகும், இன்னொன்று திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்துக்குப் போகும். எந்த வண்டி எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மதுரை, திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025ல் மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்து, வெளியூர் பஸ்கள் அங்கே மாறிவிட்டன. ஊருக்குப் போய்ச் சில வருடம் ஆனவர்கள் பழக்கத்தில் ஆட்டோக்காரரிடம் “சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு” என்று சொல்லிவிடுவார்கள். அங்கே இப்போது டவுன் பஸ்தான். மதுரைக்கு என்றால் “பஞ்சப்பூர்” என்று சொல்லுங்கள்.

டவுன் பஸ் என்றதும் நம் பெண்களுக்கு ஒரு சேதி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திருச்சியில் தனியார் டவுன் பஸ்ஸும் நிறைய ஓடுகிறது, அதில் காசு உண்டு. ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறையை மறக்காதீர்கள். இங்கே தேக்காவில் (லிட்டில் இந்தியா) பணம் மாற்றும்போது எல்லாவற்றையும் 500 ரூபாய்த் தாளாக வாங்கிவிடாமல், பத்து, இருபது, ஐம்பது, நூறாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். விடியற்காலையில் முதல் நடையில் ஏறி, நாற்பது ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாயை நீட்டினால் பாவம், கண்டக்டர் எங்கே போவார்? பழைய 2000 ரூபாய்த் தாள் யாரிடமாவது இருந்தால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். 2023லேயே அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம், விமானம் இறங்கும் நேரம். சீட்டு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறோம். நள்ளிரவில் இறங்கும் விமானம் சற்று மலிவாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் கிராமத்துப் பக்கம் பஸ் இருக்காது, கார் எடுக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதையும் கணக்கில் வைத்து, முடிந்தால் பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இரவில்தான் இறங்க வேண்டும் என்றால், விமான நிலையத்தின் முன்பணம் கட்டும் டாக்ஸியில் ஜங்ஷன் வரை மட்டும் போய், பயணிகள் காத்திருப்பு அறையில் இருந்துவிட்டு, காலை வண்டியில் கிளம்பலாம். இளைஞர்களுக்கு இது சரிப்படும்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள், முட்டி வலி உள்ள பெரியவர்கள், இரவில் தனியாக இறங்கும் பெண்கள் தயங்காமல் கார் எடுங்கள். அவர்களிடம் போய் நான் பஸ் கணக்குச் சொல்ல மாட்டேன். அதிலும் செலவைக் குறைக்க வழி உண்டு. ஊரிலிருந்து வண்டியை வரவழைத்தால் இரண்டு பக்கத்துக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். திருச்சியிலேயே ஒரு வழி டாக்ஸி கிடைக்கிறது. குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு வாங்குவார்கள், சுங்கச்சாவடிக் கட்டணம் சேர்த்தா தனியா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரே விமானத்தில் ஒரே ஊர்ப் பக்கம் போகிறவர்கள் இருப்பார்கள். சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே பேசி வைத்து நான்கு பேர் ஒரு காரைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்புறம், திரும்பி வரும் நாளில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறும்போதே “ஏர்போர்ட்” என்று டிக்கெட் கேளுங்கள், அங்கேயே இறக்கிவிடுவார்கள். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கும்படி, ஒரு பஸ் முன்னாலேயே ஏறிவிடுங்கள்.