தி.நகரில் நெரிசல், ஆனால் குடியிருப்பவர்கள் எங்கே?

போன பேச்சுக்கு வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டு அகலவே இல்லை. கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்ட மக்கள்தொகை 7 சதவீதம்தான் கூடியது என்றீர்கள். தி.நகரில் கால் வைக்க இடமில்லையே, எப்படி ஐயா?"

அருமையான கேள்வி. நான் அடிக்கடி சொல்வதுதான்: கணக்கெடுப்பு ஆளை வீட்டில் எண்ணும், கடையில் எண்ணாது. ரங்கநாதன் தெருவில் நீங்கள் பார்ப்பது வாங்க வந்த கூட்டம். இரவு ஷட்டர் இறங்கினால் அவர்கள் பல்லாவரத்துக்கும் ஆவடிக்கும் போய்விடுவார்கள்.

சவுகார்பேட்டைப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள். கீழே கடை, மாடியில் சரக்கு, அதற்கும் மேலே ஒரு குடும்பம் துணி காயப்போட்டிருக்கும். கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டால் வரும் வாடகையை எந்தக் குடும்பமும் தராது. அதனால்தான் வீடு ஒவ்வொன்றாகக் கடையாகிறது. 1996ல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனதே, அப்போதும் அந்தப் பகுதி முழுக்க வீடாகத் திரும்பிவிடவில்லை.

சரி, குடும்பங்கள் எங்கே போயின? சென்னை மாவட்டம் 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமானபோது, தாம்பரமும் சோழிங்கநல்லூரும் சேர்ந்திருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சமானது. ஏறக்குறைய 39 சதவீதம்! கோலின் கிளார்க் என்ற பொருளியலாளர் 1951லேயே இதை எழுதினார். நகர மையத்திலிருந்து விலக விலக மக்கள் நெருக்கம் குறையும். போக்குவரத்து மலிவானால் நெருக்கம் இன்னும் தூரத்துக்குப் பரவும் என்றார். நமக்கு 1931லேயே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்துவிட்டது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் ஊர் தெற்கே நீண்டது.

ஆனால் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை: போனவர்கள் தாங்களாகப் போனார்களா, அனுப்பப்பட்டார்களா? வங்கிக் கடன் வாங்கி மேடவாக்கத்தில் வீடு கட்டியவர் தாமாகப் போனவர். கூவம் கரையில் குடிசை அகற்றப்பட்டு, துரைப்பாக்கத்தில் அரசு கட்டிய கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கும் போனவர்களை அப்படிச் சொல்ல முடியுமா? வீடு துரைப்பாக்கத்துக்குப் போனது, வேலை போகவில்லை. பழைய வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாக்கள் விடிவதற்குள் பேருந்து பிடித்து அதே தெருக்களுக்கு வருகிறார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு பயணத்துக்கே போனதால் வேலையை விட்டவர்களும் உண்டு.

கணக்கெடுப்பு அட்டவணையில் இரண்டு பேரும் 'புறநகர் வளர்ச்சி' என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் வார்டு வாரியாக எடுத்துவைத்து, எது எந்த வகை என்று நாம் சேர்ந்தே பிரித்துப் பார்ப்போம். உங்கள் தெருவில் வீடாக இருந்து கடையானவை எவை என்று அதுவரை எழுதி அனுப்புங்கள்.