வேகமான ஹிக்ஸைத் தேடுவது ஏன்?

[காட்சி: திருகோணமலை, கோணேசர் கோயில் குன்று. கமரா கீழே கடலை நோக்கி]

இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பாருங்கள். ஒரு படகு நிற்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் நீண்ட அலை அதைச் சட்டை செய்யாமல் கடந்து போகிறது. சிற்றலையோ படகில் பட்டுத் திரும்புகிறது. அலைநீளம் பெரிதென்றால் சின்னப் பொருளின் வடிவம் அதற்குத் தெரியாது. உயர்தரப் பௌதிகவியலில் படித்ததுதான்.

[காட்சி: இரண்டு குளுவான்கள், நடுவில் ஒரு வளையம், வெளியே ஹிக்ஸ்]

2012 ஜூலை 4 அன்று ஐரோப்பியத் துணிக்கை ஆய்வுகூடமான சேர்ன் அறிவித்த ஹிக்ஸ் போசன் என்ற அடிப்படைத் துணிக்கையின் திணிவு ஏறத்தாழ 125 ஜீ.ஈ.வி. (இங்கே திணிவுக்கும் உந்தத்துக்கும் இதே அலகுதான்). அங்குள்ள எல்.எச்.சி. என்ற மோதுகருவியில் பெரும்பாலான ஹிக்ஸ்கள் இரண்டு குளுவான்கள், அதாவது குவார்க்குகளைப் பிணைக்கும் துணிக்கைகள், சேர்ந்துதான் பிறக்கின்றன. ஆனால் குளுவானுக்குத் திணிவு இல்லை, ஹிக்ஸோடு நேரடித் தொடர்பும் இல்லை. இடையில் தரகு பார்ப்பது டாப் குவார்க் வளையம்: கணநேரம் தோன்றி மறையும், குவார்க்குகளிலேயே மிகக் கனமான டாப். டாப்பின் திணிவு சுமார் 173 ஜீ.ஈ.வி.

அந்த வளையத்தில் நமக்குத் தெரியாத கனமான துணிக்கை ஒன்றும் ஓடினால்? அதன் பெயரோ திணிவோ தேவையில்லை. நீண்ட அலைக்குப் படகின் வடிவம் தெரியாதது போல, அதன் விளைவை ஒரே புள்ளியில் நடப்பதாக வைத்து ஓர் எண்ணைக் கொடுத்துவிடலாம். பயனுறு புலக் கொள்கை செய்வது இதைத்தான். 1934இல் பௌதிகவியலாளர் பேர்மி, நியூத்திரன் புரோத்தனாக மாறும் பீற்றாச் சிதைவை இப்படித்தான் எழுதினார். உள்ளே ஒளிந்திருந்த டபிள்யூ போசன் என்ற கனமான துணிக்கை அகப்பட்டது 1983இல்.

[காட்சி: திரையில் 0.8 + 0.2 = 1]

இங்கேதான் சிக்கல். டாப்பின் பங்கு 0.8, புதியதன் பங்கு 0.2 என்று வையுங்கள். கூட்டினால் 1. தெரிந்த துணிக்கைகளை மட்டும் கொண்ட கொள்கையான நியம மாதிரி சொல்வதும் அதே 1. எத்தனை ஹிக்ஸ் பிறந்தது என்று எண்ணினால், எல்லாம் சரி என்றுதான் படும்!

அப்புறம் எப்படிப் பிரிப்பது? ஹிக்ஸ் ஒரு ஜெற்றை (துணிக்கைத் தாரையை) எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் பாயும் நிகழ்வுகளைப் பாருங்கள். உந்தம் கூடினால் அலைநீளம் குறையும். குறுக்கு உந்தம், அதாவது மோதும் கற்றைக்குச் செங்குத்தான உந்தம், டாப்பின் திணிவைத் தாண்டியதும் அந்த வளையம் புள்ளியாகத் தெரிவதில்லை; டாப்பின் பங்கு விரைவாகச் சரிகிறது. கனமான துணிக்கையின் பங்கு அப்படிச் சரியாது. 0.8உம் 0.2உம் அங்கே பிரிந்துவிடும்.

ஆனால் இத்தகைய ஹிக்ஸ்கள் மிக அரிது. 450 ஜீ.ஈ.வி.க்கு மேல் தேடி, எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். பரிசோதனைக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்விலும் கிடைத்தது அத்தகைய ஹிக்ஸின் மெல்லிய தடயம்தான். இன்னொன்று: உந்தம் புதிய துணிக்கையின் திணிவையே நெருங்கிவிட்டால், ‘புள்ளி’ என்ற கணக்கே குலைந்துவிடும். அந்த எல்லைக்கு அப்பாலுள்ள தரவை இந்தப் புள்ளிக் கணக்கில் போட்டு வரும் எண்ணை நான் நம்பமாட்டேன்.