விலை ஏறிய பிறகு பருப்பு வாங்கி அடுக்காதீர்கள்! 26 கிலோ மூட்டை ரகசியம் முதல் செம்மண் கட்டிய துவரை வரை

வணக்கம் மக்களே. வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டு அரிசி மூட்டையில் எத்தனை கிலோ என்று அச்சடித்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நிறையப் பேர் வீட்டில் 26 என்று இருக்கும்.

இத்தனை வருஷம் 25 கிலோவாக வந்த மூட்டைக்கு அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது? 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. ஆனால் 25 கிலோ வரையுள்ள பைகளுக்கு மட்டும்தான் அந்த வரி. அதைத் தாண்டிவிட்டால் கிடையாது. உடனே ஆலைகளில் ஒரு கிலோவைக் கூடப் போட்டு மூட்டையைத் தைத்துவிட்டார்கள். எனக்கு இந்த விஷயம் தெரிந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு மூட்டையைக் காட்டினேன். சமையலறைச் சாமான் விலை நாம் கண்டுகொள்ளாத எத்தனையோ இடங்களில் தீர்மானமாகிறது, அதற்கு இந்த மூட்டையே சாட்சி.

சரி, விலை ஏன் ஏறுகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்தால் ஏறும், மழை கொட்டினாலும் ஏறும். வெளிநாட்டில் ஒரு முடிவு எடுத்தாலும் ஏறும்: 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது பார்த்தோம். நம் ஊர் அரசு வரியைக் கூட்டினாலும் ஏறும்: 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி கூடியதே, அந்த மாதிரி. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். 2015 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 2014, 2015 இரண்டு வருஷமும் தென்மேற்குப் பருவமழை குறைவு, மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் துவரை காய்ந்தது. சாம்பாரில் பருப்பைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கலந்த வீடுகள் எத்தனையோ. இன்னும் ஏறிவிடும் என்று பயந்து அந்த விலையிலேயே பத்து கிலோ, இருபது கிலோ என்று வாங்கிப் போட்டவர்களும் உண்டு. அடுத்து என்ன ஆனது? 2016-ல் மழை நன்றாகப் பெய்தது, அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலையும் கூடியிருந்தது, விவசாயிகள் துவரையாக விதைத்தார்கள், 2016-17-ல் அதுவரை இல்லாத விளைச்சல். 2017-ல் அதே பருப்பு 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. ஆதார விலைகூடக் கிடைக்காமல் விவசாயிகள் தவித்தது தனிச் சோகம்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: செய்தியைப் பார்த்து வாங்காதீர்கள், அறுவடையைப் பார்த்து வாங்குங்கள். துவரை ஆடியை ஒட்டி விதைத்து, மார்கழியில் தொடங்கி மாசி பங்குனி வரை அறுவடையாகும் பயிர். கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் சந்தைகளில் புதுத் துவரை வந்து குவிவது தை மாசியில். தீபாவளி சமயத்தில் கடையில் இருப்பது போன வருஷச் சரக்கின் கடைசி இருப்பு, பண்டிகைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அப்போது போய் மொத்தமாக வாங்குவது நமக்கும் நஷ்டம், அன்றன்றைக்குக் கால் கிலோ வாங்குகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. "வருஷச் சாமான்" என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. பங்குனி வெயிலில் வாசல் முழுக்கப் புளி, மிளகாய், மல்லி என்று காய்ந்து கிடக்குமே, அதுதான்.

"வாங்கி வைத்தால் வண்டு வருகிறதே" என்று கமெண்ட் போடப் போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், நீளமாகத்தான் பேசுவேன்.

(திரையில்: உள்ளங்கையில் முழுத் துவரை, மிக அருகில்)

இந்த மணியைப் பாருங்கள். மேலே பொட்டுப் பொட்டாக வெள்ளையாக, பசைத்துளி காய்ந்த மாதிரி ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால்தான் வரும். அது பயறு வண்டின் முட்டை. பக்கத்தில் இருக்கும் மணியில் ஊசியால் குத்தினதைவிடப் பெரிதாக, அச்சில் வெட்டியது போல வட்டமாக ஓர் ஓட்டை. முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலை காட்டுவதே இல்லை. முட்டைக்கு அடியிலிருந்தே நேராக மணிக்குள் துளைத்துக்கொண்டு போய்விடும். உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அந்த வட்டக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும். வந்த பிறகு அது சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை! முட்டையிடுவது மட்டும்தான் வேலை. நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு வாரம் போதும்.

இதில் பெரிய ஆச்சரியம், இந்த வண்டு நம் வீட்டில்தான் வந்து சேர வேண்டும் என்பதில்லை. வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டுவிடும், அறுவடையோடு மூட்டைக்குள் வந்துவிடும். நாம் காற்றுப் புகாத டப்பாவில் இறுக்கி மூடும்போது எதிரியையும் உள்ளே வைத்தே மூடுகிறோம். அரிசியும் அப்படித்தான். கூன் வண்டு அரிசியில் துளை போட்டு, முட்டையை வைத்து, பசையால் அடைத்துவிடும், கண்ணுக்கே தெரியாது.

இதற்கு நம் கரிசல் பக்கத்துப் பெண்கள் கண்ட வழிதான் செம்மண் கட்டுவது. எங்கள் ஆச்சி செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழுத் துவரையைத் தண்ணீரில் ஊறவைப்பாள். செம்மண்ணைச் சலித்துக் கரைத்து, மணியெல்லாம் சிவக்கும்படி கையால் பிசிறுவாள். குவித்து, சாக்குப் போட்டு ஒரு ராத்திரி மூடிவைப்பாள். மறுநாளிலிருந்து வெயில். காய்ந்த பிறகு கையில் அள்ளினால் சின்னச் சின்ன மண் உருண்டைகள் போலச் சலசலக்கும். அப்புறம் திரிகையில் உடைத்தால் தோல் தனியாக, பருப்பு தனியாகப் பிரிந்து வரும்.

ஏன் வேலை செய்கிறது தெரியுமா? பூச்சியின் உடம்பின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் காப்பது அதுதான். நுண்ணிய மண் தூள் அந்த மெழுகை உரசி எடுத்துவிட, பூச்சி காய்ந்து செத்துவிடும். அதோடு இந்த வண்டுக்கு முட்டை ஒட்ட வழுவழுப்பான முழு மணி வேண்டும். மண் பூசிய மணியும் சரிப்படாது, இரண்டாக உடைத்த பருப்பும் அவ்வளவாகப் பிடிக்காது. விஷம் ஒரு துளி இல்லை. செம்மண் பருப்பில் வைத்த சாம்பாரின் வாசம் தனி என்று நான் அடித்துச் சொல்வேன், மறுப்பவர்கள் கமெண்டில் வாருங்கள், பேசலாம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் செய்த பொறி ஒன்றும் உண்டு. உடம்பெல்லாம் சின்ன ஓட்டை போட்ட குழாய், அதை மூட்டைக்குள் செருகிவிட வேண்டும். காற்றைத் தேடி அலையும் வண்டு ஓட்டை வழியே உள்ளே நுழைந்து கீழே விழுந்துவிடும், திரும்பி ஏற முடியாது. பூச்சியின் குணத்தை வைத்தே பூச்சியைப் பிடிப்பது, எவ்வளவு அழகு!

நகரத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. பருப்பை நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்க்கும், அந்த ஈரமே பூஞ்சைக்குப் போதும். வெயிலே படாத அடுக்குமாடி வீடு என்றால், கிலோ கிலோவாகப் பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். துவரம் பருப்பில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் நல்ல வழக்கம். போரிக் பவுடர் கலந்து வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது சாப்பிடும் பொருள் அல்ல.

அரிசியை வெயிலில் போடாதீர்கள், விரிசல் விட்டு நொய்யாகும், நிழலில் உலர்த்துங்கள். அரிசியில் ஒரு லாபமும் இருக்கிறது. தை அறுவடைப் புது அரிசி குழையும், ஆறு மாதம் போனால் அதே அரிசி தண்ணீரைக் கூடுதலாக இழுத்து உதிரி உதிரியாக வேகும். கடையில் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோமே, அது வீட்டு மூட்டையில் தானாகவே நடந்துவிடுகிறது.

புளியைக் கொட்டையும் நாரும் எடுத்துக் காயவைத்து, கல் உப்புப் போட்டு ஜாடியிலோ பானையிலோ அமுக்கி வையுங்கள், உலோகப் பாத்திரம் வேண்டாம். மிளகாய் வற்றல் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். சமையல் எண்ணெயை மட்டும் மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும், இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பு தேவையில்லை.

மொத்தமாக வாங்கக் கையில் காசு வேண்டுமே என்றால், நியாயமான கேள்வி. நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறோம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் எந்த மாதமும் விடாதீர்கள்.

உங்கள் ஊரில் செம்மண் கட்டும் வழக்கம் இருந்ததா, அதற்கு என்ன பெயர் சொன்னார்கள்? வேறு மண், சாம்பல் எதுவும் போட்டார்களா? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மாசி மாதம் புதுத் துவரை வாங்கி மண் கட்டுவதை முழுசாகப் படம் பிடித்துப் போடுகிறேன், உங்கள் ஊர் முறையையும் அதில் செய்து பார்க்கலாம்.