காந்தம் ஒட்டாத ஷாஃப்ட் ஏன் முறிந்தது?

அடுத்த கேள்வி தங்கச்சிமடத்திலிருந்து. இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, வணக்கம். எங்கள் அப்பாவின் விசைப்படகுக்குப் புதிதாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்ட் வாங்கிப் போட்டோம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை, அசல் சரக்கு என்றார். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இந்த முறை மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன இரண்டாவது வாரத்தில், புஷ்ஷுக்குள் இருக்கும் இடத்தில் முறிந்துவிட்டது. வெளியே தெரிகிற பகுதி பளபளவென்றுதான் இருந்தது. துருப்பிடிக்காத எஃகு எப்படித் துருப்பிடிக்கும்? இதையே புராஜெக்டாக எடுத்து, கிராஃபீன் பூசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?"

ஷாஃப்ட் என்பது எஞ்சினிலிருந்து புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு, புஷ் அதைத் தாங்கிப் பிடிக்கும் உறை. ஷாஃப்ட் முறிந்தால் படகு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வேறு படகு வந்து கயிறு கட்டி இழுத்து வந்திருக்கும். அந்த அலைச்சலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை அம்மா, நேரே கிராஃபீன் என்ற கார்பன் பூச்சுக்குப் போய்விட்டீர்கள். இருக்கட்டும், உங்கள் வயதில் நானும் அப்படித்தான்.

முதலில் அந்தக் காந்தத்தை ஒரு வழி செய்துவிடுவோம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு, ஒட்டினால் போலி என்று நம் கரை முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற 200 வரிசை எஃகில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். அதில் காந்தம் ஒட்டாது. பாத்திரக்கடையில் பார்க்கிற 304 எஃகிலும் பெரும்பாலும் ஒட்டாது. கடலுக்கென்று விற்கிற 316 எஃகிலும் ஒட்டாது. ஆனால் கடல்நீரை இவை மூன்றையும்விட நன்றாகத் தாங்குகிற 2205 என்ற இரட்டைக்கட்ட எஃகு இருக்கிறதே, அதில் காந்தம் பிடித்து இழுக்கும். அதன் உள்ளமைப்பில் பாதி ஃபெரைட், அதாவது காந்தம் ஈர்க்கும் படிக அமைப்பு என்பதால் அப்படி. ஆக, கடைக்காரரின் காந்தம் மட்டமான சரக்கைத் தேர்ச்சி பெற வைத்து, உயர்ந்த சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அவரைத் திட்டவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

304க்கும் 316க்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் மாலிப்டினம். 316 எஃகில் அது 2 முதல் 3 சதவீதம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு மருந்தும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் போதும். மாலிப்டினம் இருந்தால் சொட்டின் நிறம் மாறும். முறிந்த துண்டின் ஓர் ஓரத்தில் உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இனி உங்கள் கேள்வி. துருப்பிடிக்காத எஃகு என்று தமிழில் பெயர் வைத்தது கொஞ்சம் அவசரம். நம் வீடுகளில் எவர்சில்வர் என்கிறோம், அது இன்னும் பெரிய வாக்குறுதி. உண்மையில் அது துருப்பிடிக்கத் தொடங்கி, உடனே நின்றுபோகிற எஃகு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு ஒரு படலமாகப் படியும். சில நானோமீட்டர் தடிமன்தான். கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் தானே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். இந்த எஃகு மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும்.

புஷ்ஷுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. படகு ஓடும்போது அதற்குள் புதுத் தண்ணீர் வந்து போகும், ஆக்சிஜன் கிடைக்கும். படகைக் கட்டிப்போட்டால் அந்தத் தண்ணீர் அப்படியே தேங்கிவிடும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகைக் கரையேற்றியிருந்தால் பிழைத்தது. ஏற்றாமல் தண்ணீரிலேயே கட்டி வைத்திருந்தால், இடுக்கில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்து, படலம் ஓரிடத்தில் உடைந்தால் ஆற வழியில்லை. அங்கே கரைகிற குரோமியம் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். மின்சமநிலைக்காக வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு இருக்கிறது, அது போதாதென்று இடுக்குக்குள் இன்னும் சேர்ந்துகொண்டே போகும்.

உப்பும் புளிப்பும். இதைத்தான் ஊறுகாய் என்கிறோம். பாட்டி ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் போட விடமாட்டார், ஜாடியில்தான் போடுவார். அவர் குளோரைடு என்ற சொல்லைக் கேட்டதில்லை, ஆனால் டப்பாவின் அடியில் ஊசிக்குத்துப்போல ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கிறார். உங்கள் அப்பாவின் ஷாஃப்டில் ஒவ்வொரு குழியும் ஒரு சின்ன ஊறுகாய் ஜாடி. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. சாதாரண இரும்பின் துரு கள்ளமில்லாதது, மேலெல்லாம் சிவந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். இது அப்படியில்லை.

குழி மட்டும் இருந்தால் ஷாஃப்ட் உடனே முறிந்துவிடாது. ஷாஃப்ட் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் ஒரு முறை இழுபட்டு, ஒரு முறை அமுங்கும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாத மீன்பிடிப்பில் அது லட்சக்கணக்கைத் தாண்டிவிடும். உலர்ந்த காற்றில் எஃகுக்குச் சோர்வு எல்லை என்று ஒன்று உண்டு, அந்தச் சுமைக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கடல்நீருக்குள் அந்த எல்லையை நம்ப முடியாது. குழியின் அடியில் விரிசல் பிறந்து, ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, மிச்சமிருக்கிற உலோகம் தாங்காத நாளில் சட்டென்று முறியும்.

அதனால் முறிந்த துண்டைக் காப்பாற்றுங்கள், அதுதான் சாட்சி. நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆசை வரும், அதையும் செய்யாதீர்கள், முகங்கள் உரசி அழிந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், வற்றம் வந்தபின் மணலில் தண்ணீர் விட்டுப்போன வரிகளைப் போல வளைந்த கோடுகள் தெரியும். அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி இருக்கின்றனவோ, அங்கேதான் விரிசல் பிறந்தது. அந்தப் புள்ளியில் ஒரு குழி இருந்தால் நான் சொன்னது சரி. இல்லாமல், புரொப்பெல்லரைப் பூட்ட ஷாஃப்டில் வெட்டுகிற சாவிப்பள்ளத்தின் கூர்மூலையில் தொடங்கியிருந்தால், நான் சொன்னதை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போய் விசாரியுங்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். உலோகவியல் பாடம் நடத்துகிற ஆள் என்ற மிதப்பில், மண்டபத்தில் வீடு கட்டியபோது ஜன்னல் கம்பிக்கு 304 வாங்கிப் போட்டேன். கச்சான் காற்று ஒரு பருவம் அடித்து ஓய்ந்ததும் டீ சிந்தியதுபோலப் பழுப்புக் கறை. வேடிக்கை என்னவென்றால், மழை நனைக்கிற கம்பிகள் ஓரளவு சுத்தமாக இருந்தன. சன்ஷேடுக்குக் கீழே மழை படாத கம்பிகள்தான் மோசம். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, நிழலில் இருப்பதைக் கழுவ ஆளில்லை. இப்போது வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். துடைக்கும்போதெல்லாம் வீட்டில் சிரிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு இன்னொரு சந்தேகம் வரும். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளைப் போட்டிருக்கிறார்களே, அதுவும் இப்படித்தான் ஆகுமா? ஆகாது. அந்தக் கம்பி கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. கான்கிரீட்டின் உட்சூழல் கடுமையான காரத்தன்மை கொண்டது, பிஎச் 12க்கு மேல். காரம் அந்தப் படலத்துக்குக் கவசம். சாதாரணக் கம்பியை அரிக்கத் தொடங்குகிற குளோரைடு அளவைப்போலப் பல மடங்கு வந்தால்தான் இந்தக் கம்பி அசையும். அங்கே அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. வெளியே காற்றில் நிற்கும் எஃகுக்குப் பாலிசிலாக்சேன் பெயிண்ட் அடித்து, நீர் தங்குகிற இடுக்குகள் குறையும்படி இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். புஷ்ஷுக்குள் நீங்கள் பார்த்த அதே இடுக்குதான் அங்கேயும் எதிரி. 1914இல் திறந்த பழைய பாலம் சாதாரண எஃகு. விடாமல் பெயிண்ட் அடித்தே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓட்டினார்கள், 2022 டிசம்பரில்தான் ரயில் நின்றது.

உங்கள் படகுக்கு உடனே செய்ய வேண்டியது கிராஃபீன் அல்ல, ஜிங்க், அதாவது துத்தநாகம். 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். துண்டு கரைந்தது, செம்பு தப்பியது. ஆனால் செம்பு கரையாமல் போனதால் அதன் நச்சும் தண்ணீரில் இறங்கவில்லை, அடிப்பகுதி முழுக்கப் பாசியும் கொட்டலசும் ஏறிக் கப்பல் வேகம் குறைந்தது. வெற்றியே தோல்வியாகிவிட்ட இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் நடப்பது வேறு கூத்து. ஜிங்க் துண்டைச் சரியாகத்தான் பொருத்துவார்கள், பிறகு படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயிண்ட் ஏறிய ஜிங்க், கட்டிப்போட்ட நாய்தான். ஷாஃப்டின் மேலேயே வளையமாகப் பொருத்துகிற ஜிங்க் கிடைக்கும், அதைப் போடுங்கள், பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புஷ்ஷின் ஆழம் வரை அதன் பாதுகாப்பு முழுதாகப் போய்ச் சேராது. எனவே தடைக்காலத்தில் முடிந்தால் கரையேற்றுங்கள். அடுத்த ஷாஃப்டுக்குக் கையில் பணம் இருந்தால் 2205 கேளுங்கள், காந்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம்.

இனி கிராஃபீன். 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுத்தார்கள், 2010இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள், குறையில்லாத தாளாக இருந்தால் எதையும் ஊடுருவ விடாது. சிக்கல் அந்தக் குறையில்தான். கிராஃபீன் மின்சாரத்தைக் கடத்தும், எஃகைப்போல எளிதில் அரிபடாது. பூச்சில் ஓர் ஓட்டை இருந்தால், சுற்றியுள்ள கிராஃபீன் முழுவதும் எதிர்த்தரப்பாக நின்று, அந்தச் சிறு ஓட்டையில் உள்ள எஃகின்மேல் அரிப்பு முழுவதையும் குவித்துவிடும். சில நாள் சோதனையில் அருமையாகத் தெரிந்த பூச்சு, நீண்ட காலத்தில் வெறும் எஃகைவிட மோசமாகலாம். எபாக்சி பெயிண்டுக்குள் கிராஃபீன் செதில்களைக் கலப்பது வேறு வேலை. அங்கே தண்ணீர் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருப்பதால் தாமதமாகும். அதிலும் எத்தனையோ பேர் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஏதாவது இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து, இரும்பு கரைவது குறைந்தது என்று எழுதுகிற கட்டுரைகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. பாம்பன் கால்வாயில் ஓடுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்ல. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பூச்சுகளைச் சோதிக்கிற உப்புமூட்டப் பெட்டியை மட்டும் நம்பிவிடாதீர்கள். 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரியில் விடாமல் தெளிக்கும் அந்தச் சோதனைமுறை 1939இல் அமெரிக்காவில் வந்தது. ஒரு பெயிண்டை இன்னொரு பெயிண்டோடு ஒப்பிட உதவும். நம் கரையில் எதுவும் விடாமல் நனைந்துகொண்டே இருப்பதில்லை. வாடைக்காற்றில் நனைகிறது, நடுப்பகலில் காய்கிறது, வெயில் பெயிண்டைப் பொடியாக்குகிறது, இரவில் மறுபடி ஈரம். அந்த நனைதலும் காய்தலும் பெட்டிக்குள் இல்லை.

தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு அந்தப் பெட்டி எதற்கு? ஊரே பெட்டி. பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் என்று கடலை விட்டு உள்ளே போகப் போக நான்கு மொட்டைமாடிகளைப் பிடியுங்கள். சாதாரண எஃகுத் தகடு, 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர், எடை போட்டு வையுங்கள். கூடவே ஈரத்திரி: குடுவைத் தண்ணீரிலிருந்து ஊறும் துணி சுற்றிய குழாய், காற்றில் வரும் உப்பைப் பிடிக்கும். மாதம் ஒருமுறை தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று டைட்ரேஷன் செய்யுங்கள். ஆண்டு முடிந்ததும் தகட்டின் துருவை முறைப்படி நீக்கி எடை போடுங்கள். இரு பக்கமும் சேர்த்துப் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர், எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். எடை 47 கிராம் குறைந்திருந்தால் உலோகம் 0.2 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். காற்றின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்தும் சர்வதேசத் தரப்பட்டியலில், முதலாண்டில் 0.08 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை என்றால் சி5, அதற்கு மேல் 0.7 வரை என்றால் கடைசி வகுப்பான சிஎக்ஸ். பாம்பன் உலகிலேயே இரண்டாவது அரிப்பு மிகுந்த இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அலை உடைகிற இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே எண் மளமளவென்று இறங்கிவிடும்போது, ஓர் ஊருக்கு மொத்தமாக ஓர் இடம் கொடுத்து என்ன பயன்? உங்கள் மாடியின் எண்தான் பெயிண்ட் வாங்குகிறவருக்கு வேண்டும்.

புராஜெக்டுக்கு ஓராண்டு கிடைக்காது என்றால் படகிலேயே செய்யுங்கள். ஒரு மல்டிமீட்டர், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை ஒன்று. கட்டிப்போட்ட நாளில் ஷாஃப்டின் மின்னழுத்தம் என்ன, ஓடி வந்த உடனே என்ன, ஜிங்க் போடும் முன் என்ன, போட்ட பின் என்ன என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஜிங்க் தனியாகக் கடல்நீரில் ஏறக்குறைய மைனஸ் 1.03 வோல்ட் காட்டும். ஷாஃப்டின் எண் அதை நோக்கி நன்றாக நகர்ந்தால் துண்டு வேலை செய்கிறது. நகரவில்லை என்றால் யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அல்லது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. வடகடலான பாக் விரிகுடாவில் நிற்கிற படகுக்கும் தென்கடலான மன்னார் வளைகுடாவில் நிற்கிற படகுக்கும் எடுத்துப் பாருங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1953இல் இருந்து இதே வேலை செய்கிறார்கள், மண்டபத்தில் கடலோர அரிப்புச் சோதனையும் நடத்துகிறார்கள். உங்கள் பேராசிரியரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள் அம்மா: முறிவதற்கு முன் சில நாட்களாகப் படகு வழக்கத்தைவிட அதிகமாக அதிர்ந்ததா? பதில் வந்ததும் இதே கேள்வியை மறுபடி எடுக்கிறேன். அடுத்தது தொண்டியிலிருந்து ஒருவர், ஃபைபர் வத்தைப் படகின் அடியில் கொப்புளம் வருகிறது என்கிறார்.